கிட்டங்கிச் சுவரில் தங்கிய நிழல்

படமெடுக்க வந்தவர்கள் விளக்குகளை அணைத்து, வயர்களைச் சுருட்டி, மீந்த தண்ணீர் பாட்டில்களைக்கூட விடாமல் வேனில் ஏற்றிக்கொண்டு பவளத்துறையை விட்டுப் போன பிறகு, அவர்கள் ஆடவிட்ட நிழல் மட்டும் உப்பு மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கியின் உள்சுவரிலேயே தங்கிவிட்டது. மறுநாள் காலையில் வலை காயப்போடப் போனவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பாவம், வண்டியில் இடமில்லாமல் விட்டுப் போயிருப்பார்கள், ஆள் அனுப்பிக் கூட்டிக்கொள்வார்கள் என்று சொல்லி, அதன் மேல் படாமல் வலைகளை ஒதுக்கிக் காயப்போட்டார்கள்.

ஆள் யாரும் வரவில்லை. நிழல் சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆனால் யாருடைய கைப்பேசியிலாவது, கரைக்கு வரும் படகின் ஸ்பீக்கரிலாவது அவர்கள் படமெடுத்த அந்தப் பாட்டு தொடங்கிவிட்டால் போதும், எழுந்து, தோள்வரை தொங்கும் முடியை ஒருமுறை உதறி, கிதார் ஓங்கும் இடத்தில் ஓங்கி, டிரம்ஸ் விழும் இடத்தில் விழுந்து, போகிறவளைக் கூப்பிடுவது போலவும், போகாதே என்று மறிப்பது போலவும், போய்த் தொலை என்று பிடித்துத் தள்ளுவது போலவும் கைகளை வீசி வீசி, சுவரின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக ஆடித் தீர்த்துவிட்டு, பாட்டு முடிந்ததும் பழையபடி முழங்காலைக் கட்டிக்கொள்ளும்.

ஊர் அதற்கு ஏற்றாற்போலத் தன்னை ஒதுக்கி அமர்த்திக்கொண்டது. லூர்தக்கா டீக்கடை பெஞ்சைக் கிட்டங்கி வாசலுக்கு மாற்றிப் போட்டாள். அடிக்கடி ஆடவைத்தால் அதற்கும் கால் வலிக்கும்தானே என்று படகுச் சங்கத்தில் பேசி, பூசை நேரத்திலும் மதியத் தூக்க நேரத்திலும் அந்தப் பாட்டைப் போடக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். தவக்காலம் வந்து கோவிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடும் வேளையில் இதையும் மூட வேண்டுமா என்று கேள்வி எழும்பியது. சாமியாருக்கு உதவியாகக் கோவில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் குருசு, நமக்கு எதற்கு வம்பு என்று மீந்த துணியைக் கொண்டுபோய் ஆணியடித்து மூடினார். அன்று சாயங்காலமே ஏதோ ஒரு படகிலிருந்து பாட்டு வர, நிழல் துணிக்கு மேலே வந்து ஆடியது. "அதுக்கு ஊதா நல்லாத்தான் இருக்கு" என்றாள் லூர்தக்கா. அதோடு விட்டுவிட்டார்கள்.

மெல்பாவால் மட்டும் விட முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பாட்டை எழுதிப் பாடியவன் ஜோவின் கர்வாலோ. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவளுக்கென்று நிச்சயம் செய்யப்பட்டவன்.

ஜோவின் அந்த ஊர்க்காரன்தான். பாடகற்குழுவில் கிதார் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் அவனுடைய இடது குதிகால் எப்போதும் தாளத்துக்கு அரை இம்மி முன்னாலேயே தட்டும்; அதைப் பார்த்துப் பாடகற்குழு முந்திப் போகும், பலிபீடத்துப் பக்கமிருந்து உபதேசியார் இருமுவார், யாரும் திருந்த மாட்டார்கள். பின்வரிசையில் நின்று பாடின மெல்பா அந்தக் குதிகாலை மட்டுமே பார்த்துக்கொண்டு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவள். பிறகு அவன் சென்னைக்குப் போனான், முடி வளர்த்தான், ராக் குழு ஒன்றில் சேர்ந்தான். அவள் ஊரிலேயே ஐஸ் கம்பெனியில் படகுக்காரர்களுக்கு டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்தாள். இரண்டு வீட்டாரும் பேசி, பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டபோது, சம்மதம் என்று சொல்ல அவளுக்கு மூச்சு விடுகிற நேரம்கூடத் தேவைப்படவில்லை.

அடுத்து வந்ததுதான் இந்தப் பாட்டு. 'நீ இறங்கிய நிறுத்தம்' என்று பெயர்.

*நீ இறங்கிய நிறுத்தத்தில்*
*நான் இன்னும் இறங்கவில்லை*

என்று மெல்லத் தொடங்கி, பேருந்து கிளம்பிப் போவது போல டிரம்ஸ் ஏறி ஏறி, கடைசியில் தொண்டை கிழியக் கத்தி அடங்குகிற பாட்டு. பிரிந்துபோனவர்கள் கேட்டு அழுதார்கள், பிரியாதவர்கள் தங்களுக்கும் யாராவது பிரிந்துபோயிருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள். வீடியோவில் ஜோவின் ஒரு தூணில் சாய்ந்து நின்று பாடுவான். தாரிகா என்ற சென்னைப் பெண் அவனுடைய தொளதொளத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, முடியை விரித்துவிட்டு, போனவளாக ஆடுவாள். முடிவில் கிட்டங்கியின் கடல்பக்கக் கதவைத் தாண்டி வெளிச்சத்துக்குள் நடந்து போய்விடுவாள். இவன் அதே தூணில் நிற்பான்.

படம் எடுத்த அன்றைக்கு அவர்களுக்கு ஐஸ் கொண்டுபோய்க் கொடுத்தது மெல்பாதான். வாளியோடு வாசலில் நின்று, அந்தச் சட்டையை, அதற்குள்ளே இருந்த கழுத்தெலும்பை, வெறுங்காலின் மெல்லிய கணுவைப் பார்த்தாள். பிறகு ஐஸ் பிடித்துச் சிவந்து வெடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தாள். வாளியை வைத்துவிட்டு, படம் முடியும்வரை நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

தாரிகாவாவது பரவாயில்லை. கைப்பேசியில் தேடினால் அவளுக்கு ஒரு முகம் இருந்தது, முகத்தில் ஒரு பல் சற்றே தெற்றியிருந்தது, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து மெல்பா ஆறுதலடைய முடிந்தது. நிழலுக்கு முகமில்லை, பல்லில்லை, மருவில்லை, குறை சொல்ல ஓர் இடமில்லை. அவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அவனுடைய பாட்டைக் கேட்டதும் எழுந்து, ஊரே பார்க்க, அவன் பெயருக்கு நிச்சயமானவள் வேலை பார்க்கும் ஜன்னலுக்கு எதிரே ஆடிக்கொண்டிருந்தது.

"சுவத்துல கிடக்கதுக்கெல்லாம் வயிறெரிஞ்சா எப்பிடிட்டி?" என்றாள் அம்மா பிரகாசி. "அப்ப பல்லிக்கும் எரியணுமே."

"பல்லி அவரு சட்டையப் போட்டுருக்கா?" என்றாள் மெல்பா.

ஈஸ்டருக்கு ஜோவின் வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கின நிமிடத்திலிருந்து உபதேசியார் அவனை விட்டு நகராமல் குடை பிடித்துக்கொண்டே நடந்தார். மாப்பிள்ளைக்கு மரியாதை என்று மெல்பா நினைத்தாள். அவர்கள் வீட்டு முன்னறையில் காபி டம்ளரை உருட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தபோது, அம்மா முறுக்கெடுக்க உள்ளே போன நேரமாகப் பார்த்துக் கேட்டாள்.

"நிறுத்தத்துல இறங்கினது யாரு?"

அவன் சிரித்தான். "அது பழைய கதை மெல்பா. அவ கனடாவுல இருக்கா. ரெண்டு பிள்ளைங்க."

"ஆடினவ?"

"தாரிகாவா? சம்பளத்துக்கு ஆடினா. கொசு கடிக்குதுன்னு புலம்பிட்டே ஆடினா."

"உங்க சட்டையில."

"அது டைரக்டர் சொன்னது."

"அவ நிழலு இன்னும் இங்கனதான் கிடக்கு. போய்ப் பாத்தீயளா?"

"சொன்னாங்க. வேன்ல ஏத்த மறந்துட்டாளா?" என்று மறுபடி சிரித்தான். "அந்த இடத்துக்கு மறுபடி போக எனக்கு இஷ்டமில்ல, மெல்பா."

கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னான். அதுதான் அவளுக்கு எரிந்தது. எல்லாப் பதிலும் சரியாக இருந்தது, ஆனால் சொல்லுகிற ஆள் பக்கத்து அறையில் இருந்துகொண்டு சொல்லுவது போல இருந்தது. அவள் அருகே உட்கார்ந்திருந்தவன் மேல் வெயிலும் இல்லை, எடையும் இல்லை.

அந்த ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசை முடிவில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று கோவிலில் வாசிப்பார்கள். அதற்கு ஓலை என்று பெயர். வாசித்து முடித்ததும் லூர்தக்கா கோவில் வாசலில் சாமியாரை மறித்தாள்.

"சாமி, ஒரு சந்தேகம். கிட்டங்கியில கிடக்க நிழலு, அதுக்கு இதுல ஒரு சொல்லு சொல்ல பாத்தியம் உண்டுமா?"

சாமியார் யோசித்தார். "அது ஞானஸ்நானம் வாங்கியிருக்கா?"

"தெரியலயே சாமி."

"வாங்காட்டா நம்ம பங்குல சேர்த்தி இல்ல. சேர்த்தி இல்லாதது தடை சொல்ல முடியாது."

எல்லோருக்கும் திருப்தியாயிற்று. மெல்பா அன்று சாயங்காலம் ஐஸ் கம்பெனியிலிருந்து நேராகக் கிட்டங்கிக்குப் போனாள்.

அவளை யாராவது கேட்டிருந்தால் சண்டை போடப் போனதாகத்தான் சொல்லியிருப்பாள். பெஞ்சு காலியாகும்வரை காத்திருந்து, தன் கைப்பேசியிலேயே பாட்டைப் போட்டாள், நிழல் எழுந்தது, எழுந்ததும் அவளும், அதுவரை கல்யாண வீட்டில்கூடக் கை தூக்கி ஆடாதவள், செருப்பை உதறிவிட்டு அதற்கு முன்னால் நின்று ஆடத் தொடங்கினாள். நீ என்ன பெரிய ஆட்டக்காரியா, நான் ஆடுகிறேன் பார், உன்னைவிட நன்றாக ஆடுகிறேன் பார், உனக்கென்ன போனவளைப் பற்றித் தெரியும், நான் ஒருத்தனைப் போகவிட்டுவிட்டு டோக்கன் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், என்று நினைத்து நினைத்து ஆடினாள். மேற்குச் சாளரத்தின் வழியே விழுந்த வெயில் அவளுடைய நிழலையும் அதே சுவரில் போட்டது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஆடின. மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். லூர்தக்கா பார்த்துவிட்டுப் பெஞ்சைத் திருப்பிப் போட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள், பவளத்துறையில் அதுதான் மரியாதை.

அப்படி ஆடி ஆடித்தான் மெல்பா ஒன்றைக் கண்டாள். வீடியோவில் தாரிகா கடைசி வரியில் கதவைத் தாண்டிப் போய்விடுகிறாள். நிழலோ சுவர் முடிந்து கதவு தொடங்கும் விளிம்பு வரை வருகிறது, நிற்கிறது, ஒரு கையைக் காற்றில் நீட்டுகிறது, பிறகு தலை குனிந்து திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிறது. போவதற்கு அதற்குக் கால் இருந்தது, கூட்டிப் போக உடம்பு இல்லை. நல்லா வேணும், என்று முதலில் நினைத்தாள். பிறகு ஒருநாள் அப்படி நினைக்க மறந்துபோனாள்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு சாயங்காலம், ஆடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். நிழலும் முழங்காலைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தது. தூரத்தில் கோவில் ஒலிபெருக்கியில் மாதா பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. நிழலின் இடது குதிகால் தட்டத் தொடங்கியது.

தாளத்துக்கு அரை இம்மி முன்னால் தட்டியது.

மெல்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வந்தது; குதிகால் அதையும் முந்திக்கொண்டு தட்டியது. பார்க்கப் பார்க்க, எந்தப் பின்வரிசையிலிருந்து எத்தனை ஞாயிறு அதைப் பார்த்தாளோ அந்தப் பின்வரிசை முழுவதும் அவளுக்குத் திரும்ப வந்தது, உபதேசியாரின் இருமல் உட்பட.

மறுநாள் உச்சி வெயிலில் கோவில் மைதானத்துக்குப் போனாள். ஜோவின் யாரோடோ கைப்பேசியில் பேசிக்கொண்டு நின்றான். உபதேசியார் அவன் தலைக்கு மேல் குடையைப் பிடித்திருந்தார்.

"குடைய இங்கன தாரும், உபதேசியாரே."

"வேண்டாம் மக்கா, வெயிலு."

"தாரும்."

வாங்கி மடக்கினாள். வெள்ளை மணலில் உபதேசியாருடைய நிழல் கொட்டைப்பாக்கு போலக் காலடியில் கிடந்தது, அவளுடையது கிடந்தது, மைதானத்து வேப்பமரத்தினுடையது கிடந்தது. ஜோவினுடைய காலடியில் மணல் மட்டும் கிடந்தது. அவன் கவனிக்கவில்லை, பேசிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பினான்.

உபதேசியார் அவசரமாகக் குடையைப் பிடுங்கி விரித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "ஈஸ்டருக்கு வந்து இறங்கினதுல இருந்தே இல்ல மகளே. பட்டணத்துல இருக்கவங்க என்னத்தையாவது விட்டுட்டுத்தான வருவாவ. கல்யாணப் பையன் மனசு நோகக் கூடாதேன்னு பிடிச்சிக்கிட்டு அலையுதேன்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். யாரு சொல்லுவா?"

சுவரில் ஒரு நிழல் ஆளில்லாமல் இருந்தது, தெருவில் ஓர் ஆள் நிழலில்லாமல் இருந்தான். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது பவளத்துறையில் மரியாதைக் குறைவாக இருந்திருக்கும். நீண்ட முடி, தொளதொளத்த சட்டை, ஆடுகிறது, ஆகவே ஆட வந்த பெண்ணினுடையது என்று முடிவு கட்டி, மற்றதைக் குடையால் மூடிவிட்டார்கள்.

அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கனடாவில் இருப்பவளும் இல்லை, சென்னையில் இருப்பவளும் இல்லை, சுவரில் பெண்ணே இல்லை. ஆனால் அன்று முழுவதும் டோக்கன் கிழிக்கும்போது அவளுக்கு முன்னைவிட எரிந்தது. போனவள் மேல் பொறாமைப்படலாம், ஆடினவள் மேல் பொறாமைப்படலாம். ஒருத்தன் தன் துக்கத்தின் மேல் வைத்திருக்கிற ஆசையின் மேல் பொறாமைப்பட்டு என்ன செய்வது? அது வயதாகாது, வேறொருத்தனைக் கட்டிக்கொண்டு போகாது, பல் தெற்றாது. எங்கே போய் யாருடைய முடியைப் பிடிப்பது?

மூன்றாம் ஞாயிறு கோவில் நிறைந்திருந்தது. பூசை முடிந்து சாமியார் வாசித்தார்: "...மகன் ஜோவினுக்கும், ...மகள் மெல்பாவுக்கும். இது மூன்றாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள்..."

மெல்பா எழுந்து நின்றாள்.

"ஏட்டி, உக்காரு" என்று பிரகாசி சேலையைப் பிடித்து இழுத்தாள். "பொண்ணு எந்திரிக்கக் கூடாதுட்டி இதுக்கு."

"எனக்கு ஒரு தடை தெரியும் சாமி."

சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தடை சொல்ல வந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார், பழைய காதலி, கொடுக்கல் வாங்கல், பங்காளிச் சண்டை. மணப்பெண்ணே எழுந்தது இதுதான் முதல் தடவை. "என்ன தடை மகளே?"

"அவரு இன்னும் முழுசா வந்து சேரல சாமி. பாதி கிட்டங்கியில இருக்கு."

கோவில் முழுவதும் ஜோவினுடைய காலடியைப் பார்த்தது. கிழக்குச் சாளரங்களிலிருந்து சாய்ந்து வந்த வெயிலில் எல்லா ஆண்களின் நிழல்களும் தரையில் நீண்டு கிடந்தன. முதல் தடவையாக அவனும் குனிந்து பார்த்தான். உபதேசியார் உள்ளேயே குடையை விரிக்கப் போய், பிறகு மடக்கிவிட்டார்.

கோவிலிலிருந்து கிட்டங்கிக்குச் சனம் சப்பரத்தின் பின்னால் போவது போலப் போனது. ஜோவின் உள்ளே வந்து சுவருக்கு எதிரே நின்றான். நிழல் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தது.

"தாரிகாவுக்கு அன்னைக்குச் சரியா வரல" என்றான், யாரிடமென்று இல்லாமல். "டைரக்டர் திட்டினார். எப்படின்னு நான் ஒரு தடவ ஆடிக் காட்டினேன். அவ்வளவுதான். ஒரே ஒரு தடவ."

"கூப்பிடுங்க, வரட்டும்" என்றாள் மெல்பா.

அவனுக்குத் தெரிந்த வழியில்தான் அவன் கூப்பிட்டான். கிதார் இல்லாமல், டிரம்ஸ் இல்லாமல், நீ இறங்கிய நிறுத்தத்தில் என்று தொடங்கினான். தொடங்கும்போதே கால்கள் தாமாகப் பின்வாங்கி அவனை அந்தப் பழைய தூணில் கொண்டுபோய்ச் சாய்த்தன. நிழல் எழுந்து முடியை உதறியது. மெல்பா பாடுகிறவனைப் பார்த்தாள். கண்கள் மூடியிருந்தன, முகத்தில் அப்படி ஒரு சுகம்; காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அதில் ஒரு சொட்டுகூட அவள் பார்த்ததில்லை. இந்தப் பாட்டில் அவன் தூணை விட்டு நகர மாட்டான். நகர்ந்தால் பாட்டு முடிந்துபோகும். இது அவளுக்கு விளங்கியபோது, கடைசி வரி வந்துவிட்டது, நிழல் சுவரின் விளிம்புக்கு வந்து கையை நீட்டிவிட்டது.

மெல்பா செருப்பை உதறினாள். ஊர் பார்க்க, அம்மா வாயைப் பொத்திக்கொள்ள, ஆடி ஆடிப் பழகியிருந்த அந்தக் கடைசிச் சுற்றைச் சுற்றி, அதன் நீட்டிய கை தன் தோளில் விழும் இடத்தில் நின்று, திரும்பிப் பார்க்காமல் கதவைத் தாண்டி வெயிலுக்குள் நடந்தாள். நிழல் சுவரை விட்டு இறங்கி, வாசற்படியில் ஒருமுறை மடிந்து, அவளோடு மணலுக்கு வந்தது.

சுவர் வெறுமையாக இருந்தது. "வெள்ளையடிக்கணும் போல இருக்கே" என்றாள் லூர்தக்கா.

ஜோவின் ஓடி வந்தான். "மெல்பா! அது என்னோடது!"

"தெரியும். கூப்பிடுங்க. வந்தா கூட்டிட்டுப் போங்க."

நிழலை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. சற்று நின்றுவிட்டு, தன் பேரையே சொல்லிக் கூப்பிட்டான். "ஜோவின்! ஏ ஜோவின்!" என்று கடற்கரையில் நின்று ஓர் ஆள் தன்னையே கத்திக் கூப்பிடுவதைக் கேட்கக் கூடாது என்று ஊர்ச்சனம் அத்தனையும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டது. நிழல் திரும்பவில்லை, அதன் குதிகால் அலைச் சத்தத்தை முந்திக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தது. அப்போது அவன் முகத்தில் வந்ததை மெல்பா அடையாளம் கண்டுகொண்டாள். தினமும் தன் கண்ணாடியில் பார்த்த முகம்தான். அவனுடைய நிழலோடு நடக்கிற ஒருத்தி மேல் அவனுக்கு வயிறெரிந்தது. உபதேசியார் குடையை விரித்துக்கொண்டு மெல்ல அவன் பக்கத்தில் போய் நின்றார்.

அவள் நீரோரமாக ஐஸ் கம்பெனிப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். கிழக்கிலிருந்து வெயில் அடித்தது, இடது கைப்பக்கம் மணலில் நிழல்கள் விழுந்தன. தொளதொளத்த சட்டை போட்டது அவளுடைய தோளோடு தோளாக, சமர்த்தாக வந்தது. அவளுடைய சொந்த நிழல் மட்டும், பிறந்ததிலிருந்து தனியாக அவளோடு வந்து பழகினது, ஓர் எட்டு தள்ளி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தது. அதற்கு என்ன என்று மெல்பா கேட்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் தாமதித்து, அது கூட வந்து சேரும்வரை நின்றாள்.